பிஐ கன்ட்ரோலர்: 100 டிகிரி வைத்தால் 136 வரை போய் அலைபாய்கிறது, ஏன்?

சூடேற்றி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. எண்ணெய் சூடாக்கும் தொட்டி ஒன்று. அடியில் மின் ஹீட்டர், உள்ளே கலக்கி. ஒரு பக்கம் 28 டிகிரியில் எண்ணெய் உள்ளே வருகிறது, மறுபக்கம் சூடாகி வெளியே போகிறது, ஓட்டம் நிற்பதில்லை. பிடி100 சென்சார், 0 முதல் 200 டிகிரி வரைக்கான 4–20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர். ஹீட்டரை எஸ்எஸ்ஆர் (மின்னணு ரிலே) வழியாக 2 விநாடிச் சுழற்சியில் ஓட்டுகிறோம். பிஎல்சியில் (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) பிஐ பிளாக், அதாவது கெயினும் இன்டெக்ரலும் சேர்ந்த நிரல், நானே எழுதியது, அரை விநாடிக்கு ஒரு முறை ஓடும்.

செட் பாயின்ட் (வேண்டிய வெப்பநிலை) 100 டிகிரி. முதலில் இன்டெக்ரல் இல்லாமல் வெறும் கெயின் மட்டும் வைத்துப் பார்த்தேன். கெயின் 4 (அதாவது 1 டிகிரி பிழைக்கு, செட் பாயின்டைவிட 1 டிகிரி குறைவுக்கு, 4% அவுட்புட்): 87.6ல் போய் உட்கார்ந்துவிட்டது. கெயின் 8: 93.2. கெயின் 16 வைத்ததும் 97 விநாடிக்கு ஒரு அலை, ஓயாமல்.

பிறகு கெயின் 4, இன்டெக்ரல் டைம் 30 விநாடி. குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பினால் 136 வரை ஏறுகிறது, அங்கிருந்து 80 பக்கம் இறங்குகிறது. அதற்குப் பிறகும் சுமார் 4 நிமிடத்துக்கு ஒரு அலை, மிக மெதுவாகத்தான் அடங்குகிறது.

மூன்று விஷயம் புரியவில்லை. கெயினை இரட்டிப்பாக்கியும் ஏன் 100ஐத் தொடவில்லை? இன்டெக்ரல் சேர்த்தால் மட்டும் எப்படித் தொடுகிறது? இந்த 136 எங்கிருந்து வருகிறது?

---

லூப்வாசகன்

முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். 136ஐப் பற்றி வேறொருவர் எழுதட்டும், அது தனிக்கதை.

வெறும் கெயின் இருக்கும்போது அவுட்புட் = கெயின் × பிழை. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. 100 டிகிரியில் எண்ணெயை நிறுத்தி வைக்க ஹீட்டர் ஏதோ ஒரு சதவீதம் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்தச் சதவீதத்தைக் கொடுக்கப் பிழை வேண்டும். பிழை பூஜ்யமானால் அவுட்புட்டும் பூஜ்யம், எண்ணெய் குளிரத் தொடங்கும். ஆகவே 100ல் நிற்பது என்பது இந்தச் சமன்பாட்டுக்கு முடியாத காரியம்.

உங்கள் எண்களிலேயே பார்க்கலாம். கெயின் 4ல் 87.6 என்றால் பிழை 12.4, அவுட்புட் 49.6%. உள்ளே வருவது 28. ஏறியது 59.6 டிகிரி. ஆக 1% ஹீட்டருக்கு 1.2 டிகிரி. கெயின் 8க்கும் அதே கணக்கு: பிழை 6.8, அவுட்புட் 54.4%, 28 + 65.3 = 93.3. பொருந்துகிறது. 100க்குத் தேவை (100 − 28) ÷ 1.2 = 60%.

பொதுவாக எழுதினால், நிற்கும் பிழை = 72 ÷ (1 + 1.2 × கெயின்). கெயினைக் கூட்டக் கூட்டப் பிழை சுருங்கும், ஆனால் பூஜ்யம் ஆகாது. அதற்கு முன்னாலேயே 16ல் லூப் (சென்சார், கன்ட்ரோலர், ஹீட்டர் சேர்ந்த சுற்று) ஆடத் தொடங்கிவிட்டது.

அந்த 60%ஐ நிலையாக ஒரு எண்ணாகக் கூட்டிவிட்டால்? அவுட்புட் = 60 + கெயின் × பிழை. சரியாக 100ல் நிற்கும். உள்ளே வரும் எண்ணெய் 28ஆக இருக்கும் வரைதான். அது 22 ஆனால் தேவை 65%, மீண்டும் ஆஃப்செட் (நிற்கும் பிழை). பழைய கன்ட்ரோலர்களில் இதற்கென்றே ஒரு திருகு இருந்தது, ஆபரேட்டர் கையால் திருப்பிச் சரிசெய்வார். அந்தத் திருப்பலுக்குப் பெயர் ரீசெட். அதைத் தானாகத் திருப்பும் பொறிதான் இன்டெக்ரல். அதனால்தான் பல கன்ட்ரோலர் கையேடுகளில் இன்றும் இன்டெக்ரலுக்கு ரீசெட் என்றே போட்டிருக்கும்.

இன்டெக்ரல் செய்வது இவ்வளவே: பிழை இருக்கும் ஒவ்வொரு நொடியும் அதைத் தன் கணக்கில் கூட்டிக்கொண்டே போகும். பிழை நேர்மமாக இருந்தால் கணக்கு ஏறும், எதிர்மமானால் இறங்கும், பூஜ்யமானால் இருந்த இடத்திலேயே நிற்கும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பிழை பூஜ்யமான பிறகும் இன்டெக்ரல் தன் கையிலிருக்கும் எண்ணை விடுவதில்லை. 100 டிகிரியில் எல்லாம் அடங்கிய பின் உங்கள் பிளாக்கைத் திறந்து பாருங்கள்: விகிதப் பகுதி (கெயின் × பிழை) 0, இன்டெக்ரல் 60. ஹீட்டரை ஓட்டுவது முழுக்க அந்த நினைவுதான்.

முழுச் சமன்பாடு:

அவுட்புட் = கெயின் × [பிழை + (பிழை × நேரம் கூட்டுத்தொகை) ÷ இன்டெக்ரல் டைம்]

இன்டெக்ரல் டைம் என்பதற்கு ஒரு நேரடிப் பொருள் உண்டு. பிழை மாறாமல் அப்படியே நின்றால், விகிதப் பகுதி ஒரே அடியில் கொடுத்த அளவை இன்டெக்ரல் இன்னொரு முறை கொடுக்க எடுக்கும் நேரம் அது. கெயின் 4, பிழை 5 டிகிரி என்றால் விகிதம் உடனே 20% கொடுக்கும். 30 விநாடியில் இன்டெக்ரல் இன்னொரு 20% சேர்க்கும். அடுத்த 30 விநாடியில் மேலும் 20%. உங்கள் தொட்டி சூடாவதற்கு எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிக அவசரம் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டெப் டெஸ்ட் (மேனுவலில் ஹீட்டரை ஒரே அடியாக மாற்றி வெப்பநிலையைப் பார்ப்பது) எண்கள் இருந்தால் போடுங்கள், உறுதியாகச் சொல்லலாம்.

---

ஏணிநிரல்

136 எங்கிருந்து வருதுன்னு கேட்டீங்க. ஒரே சொல்: விண்டப், அதாவது ஹீட்டர் வரம்புல முட்டின பிறகும் இன்டெக்ரல் கூட்டிக்கிட்டே போறது. உங்க பிளாக்ல இன்டெக்ரலுக்கு வரம்பே இல்லைன்னு நினைக்கிறேன்.

கிளப்பும்போது பிழை 72. விகிதம் மட்டுமே 288% கேட்குது. ஹீட்டர் 100%க்கு மேல போகாது. அதாவது இந்த நேரத்துல கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் ஹீட்டருக்கு ஒண்ணுதான். ஆனா இன்டெக்ரலுக்கு அது தெரியாது. பிழை இருக்கு, கூட்டிக்கிட்டே போகுது.

கணக்கு போட்டுப் பாருங்க. 100%ல ஹீட்டர் ஓடினா எண்ணெய் 148ஐ நோக்கிப் போகும். லூப்வாசகன் சொன்ன 1.2ஐ வச்சு, தொட்டியோட கால மாறிலி (மொத்த ஏற்றத்துல 63% வர ஆகிற நேரம்) ஏறத்தாழ 5 நிமிஷம், டெட் டைம் (ஹீட்டரை மாத்தின பிறகு வெப்பநிலை அசையாம இருக்கிற நேரம்) அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவுன்னு வச்சுக்கிறேன். (97 விநாடி அலைன்னு சொன்னீங்களே, கால மாறிலி நீளமா இருக்கிற தொட்டியில அந்த அலை டெட் டைம் மாதிரி நாலு மடங்குக்குப் பக்கத்துல இருக்கும், அதுல இருந்து எடுத்தது.) 100 டிகிரியைத் தொட சுமார் 300 விநாடி ஆகும். அதுவரைக்கும் சேர்ந்த பிழை கிட்டத்தட்ட 10,200 டிகிரி-விநாடி. அதை 4 ÷ 30ஆல் பெருக்கினா 1360.

உங்க இன்டெக்ரல் ரெஜிஸ்டர்ல 1360% உட்கார்ந்திருக்கு. தேவை 60.

இந்த 1360 இறங்கினாதான் ஹீட்டர் குறையும். இறங்கணும்னா பிழை எதிர்மமா இருக்கணும், அதாவது எண்ணெய் 100க்கு மேல இருந்தே ஆகணும். 100ஐத் தாண்டின பிறகும் ஆறரை நிமிஷத்துக்கு மேல ஹீட்டர் முழு வேகத்துலதான் ஓடும். 135 பக்கம் வரும்போதுதான் அவுட்புட் முதல் முறையா 100%க்குக் கீழே வரும், டெட் டைம் இன்னும் ஒரு டிகிரி சேர்க்கும். உங்க 136 அதுதான். இறங்கும்போது இதே கதை கீழ்ப்பக்கம்: அவுட்புட் 0ல முட்டி நிக்கும்போது இன்டெக்ரல் மைனஸ்ல நூறைத் தாண்டிப் போயிடும், அதனால 80.

இன்டெக்ரலை ட்ரெண்டில் (நேரப்படி வரையற கோட்டுப் படம்) போடுங்க. அவுட்புட்டையும் பிவியையும் (சென்சார் காட்டுற அளவு) மட்டும் பார்த்தா இது கண்ணுக்கே தெரியாது, அவுட்புட் கோடு 100ல தட்டையா நிக்கும், அவ்வளவுதான். நாலு கோடு வேணும்: செட் பாயின்ட், பிவி, அவுட்புட், இன்டெக்ரல்.

சரிசெய்ய எளிய வழி:

பிழை = செட் பாயின்ட் − பிவி
விகிதம் = கெயின் × பிழை
மொத்தம் = விகிதம் + இன்டெக்ரல்
மொத்தம் 100க்கு மேல், பிழையும் நேர்மம் → இன்டெக்ரலைத் தொடாதே
மொத்தம் 0க்குக் கீழ், பிழையும் எதிர்மம் → இன்டெக்ரலைத் தொடாதே
மற்ற நேரம் → இன்டெக்ரல் = இன்டெக்ரல் + கெயின் × பிழை × 0.5 ÷ இன்டெக்ரல் டைம்
அவுட்புட் = மொத்தத்தை 0–100க்குள் வெட்டியது

இதுல ரெண்டு இடத்துல கை தவறும். ஒண்ணு, முட்டினதும் ரெண்டு திசையிலும் நிறுத்திடுறது. அப்படிச் செஞ்சா இன்டெக்ரல் வெளியே வர வழியில்லாம மாட்டிக்கலாம். பிழையோட குறியையும் சேர்த்துப் பார்த்தே ஆகணும். இன்னொண்ணு, இன்டெக்ரலை மட்டும் 0–100க்குள்ள வெட்டிட்டு விண்டப் போயிடுச்சுன்னு நினைக்கிறது. 1360க்கு 100 எவ்வளவோ தேவலை, ஆனா தேவை 60 ஆச்சே. 40% மிச்சம் கரையற வரைக்கும் ஓவர்ஷூட் (செட் பாயின்டைத் தாண்டிப் போறது) இருக்கும்.

வால்வு, டிரைவ் மாதிரி இடத்துல பின்கணிப்பு முறை நல்லா உழைக்கும்: வெட்டின அவுட்புட்டுக்கும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு டிராக்கிங் நேரத்தால வகுத்து இன்டெக்ரலோட சேர்க்கணும். டிராக்கிங் நேரத்தை இன்டெக்ரல் டைமுக்குச் சமமா வச்சுத் தொடங்கலாம். பிளாக்குக்கு அப்புறம் வேற ஒரு வரம்பு இருந்தா, உதாரணமா வால்வை 80%க்கு மேல திறக்கக் கூடாதுன்னு எங்கேயோ ஒரு இன்டர்லாக் (தடுப்பு) இருந்தா, அந்த 80ஐத்தான் வெட்டுக்கு எடுத்துக்கணும். 100ன்னு போட்டா விண்டப் அப்படியே இருக்கும், ஏன்னு யாருக்கும் புரியாது.

மேனுவல்ல இருக்கும்போது இன்டெக்ரல் = மேனுவல் அவுட்புட் − விகிதம்னு ஒவ்வொரு ஸ்கேன்லயும் (பிளாக் ஓடும் ஒவ்வொரு முறையும்) எழுதிக்கிட்டே இருங்க. ஆட்டோவுக்கு மாத்தும்போது அவுட்புட் குதிக்காது.

---

சூடேற்றி

இன்டெக்ரலை ட்ரெண்டில் போட்டுப் பார்த்தேன். உச்சம் 1352. வாயடைத்துப் போனேன்.

ஸ்டெப் டெஸ்ட்: மேனுவலில் 45% வைத்து 82.0 டிகிரியில் அரை மணி நேரம் அடங்க விட்டேன். பிறகு 55%. முதல் 25 விநாடி அசைவே இல்லை. கடைசியில் 94.0ல் நின்றது. 89.6ஐத் தொட்டது 325வது விநாடியில்.

---

லூப்வாசகன்

அருமையான டெஸ்ட். 10% மாற்றத்துக்கு 12 டிகிரி: பிராசஸ் கெயின் 1.2. டெட் டைம் 25 விநாடி. 12ல் 63.2% என்பது 7.6, அதாவது 89.6. அதற்கு 325 விநாடி. 25ஐக் கழித்தால் கால மாறிலி 300.

இதே டெஸ்டைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தொடக்கம் அடங்கியிருக்க வேண்டும், ஸ்டெப் இரைச்சலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இறங்கும் திசையிலும் ஒரு முறை செய்து பாருங்கள். சூடாக்குவதும் குளிர்வதும் ஒரே வேகத்தில் நடக்காத தொட்டிகள் உண்டு.

இனி டியூனிங், அதாவது கெயினையும் இன்டெக்ரல் டைமையும் தேர்ந்தெடுப்பது. நீங்கள் அறியாமலேயே ஒரு பழைய டெஸ்டையும் செய்து முடித்திருக்கிறீர்கள். 1942ல் சீக்லர், நிக்கோல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் சொன்ன வழி: வெறும் கெயினை ஏற்றிக்கொண்டே போய், அலை ஓயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடி. உங்களுக்கு அது 16, அலை 97 விநாடி. அவர்கள் விதிப்படி பிஐக்குக் கெயின் அதில் 0.45 பங்கு, அதாவது 7.2. இன்டெக்ரல் டைம் அலை நேரத்தை 1.2ஆல் வகுத்தது, 81 விநாடி.

இந்த எண்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் குறிவைத்தது ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகச் சுருங்குவது. இன்று பெரும்பாலான வெப்ப லூப்களில் அந்த ஆட்டம் யாருக்கும் தேவையில்லை.

பேராசிரியர் ஸ்கோகெஸ்டாட் 2003ல் வெளியிட்ட விதி கையில் வைத்துக்கொள்ளத் தக்கது. மூடிய லூப் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்று ஒரு நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள், அதை இலக்கு நேரம் என்போம்.

கெயின் = கால மாறிலி ÷ [பிராசஸ் கெயின் × (இலக்கு நேரம் + டெட் டைம்)]
இன்டெக்ரல் டைம் = கால மாறிலி, அல்லது 4 × (இலக்கு நேரம் + டெட் டைம்), எது சிறியதோ அது

இலக்கு நேரம் = டெட் டைம் = 25 என்று வைத்தால்: கெயின் 300 ÷ (1.2 × 50) = 5. இன்டெக்ரல் டைம் 200 விநாடி (300ஐவிடச் சிறியது). இன்னும் சாந்தமாக வேண்டும், இலக்கு நேரம் 100 என்றால்: கெயின் 2, இன்டெக்ரல் டைம் 300. 5, 200ல் தொடங்குங்கள்.

உங்கள் பழைய 4, 30 ஏன் ஆடியது? கெயின் 5ஐவிடக் குறைவுதானே? குற்றவாளி கெயின் இல்லை. இன்டெக்ரல் எப்போதும் பின்தங்கித்தான் பதில் சொல்லும். (இங்கே வரும் டிகிரி வெப்பநிலை இல்லை, ஒரு முழு அலையை 360ஆகப் பிரித்த கோணம்.) மெதுவான அலைக்கு முழு 90 டிகிரி பின்தங்கல், வேகமான அலைக்குக் குறையும், இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது இன்டெக்ரல் டைம். 30 விநாடி வைத்தால், உங்கள் 4 நிமிட அலையில் கன்ட்ரோலர் மட்டுமே 52 டிகிரி பின்தங்குகிறது. தொட்டி 83, டெட் டைம் 37. கூட்டினால் 172. 180ஐத் தொட்டால் அலை ஓயவே ஓயாது. உங்களுக்கு மிச்சம் 8 டிகிரிதான். அதனால்தான் அலை அவ்வளவு மெதுவாக அடங்கியது. சீக்லர்–நிக்கோல்ஸ் எண்களுக்கு மிச்சம் 30. 5, 200க்கு 56.

எனவே ஒரு லூப் ஆடினால் உடனே கெயினில் கை வைக்காதீர்கள். அலையின் நேரத்தை முதலில் அளந்து இன்டெக்ரல் டைமோடு ஒப்பிடுங்கள். அலை நேரம் இன்டெக்ரல் டைமைப் போல ஏழெட்டு மடங்கு இருந்தால் (உங்களுக்கு 243 ÷ 30, எட்டு மடங்கு), இன்டெக்ரல் அவசரப்படுகிறது. டெட் டைமைப் போல நான்கு மடங்குக்கு அருகில் இருந்தால் (97 ÷ 25), கெயின் அதிகம்.

---

மீட்டர்பெட்டி

எண்களை உள்ளே போடும் முன் பிளாக் எந்த அலகில் கேட்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொந்தமாக எழுதியது என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ரெடிமேட் கன்ட்ரோலருக்கு மாறினால் இதே 5, 200 இப்படியெல்லாம் மாறும்:

விநாடியில் கேட்டால் 200. நிமிடத்தில் கேட்டால் 3.33. நிமிடத்துக்கு எத்தனை ரிபீட் என்று கேட்டால் 0.3, இங்கே எண் பெரிதானால் இன்டெக்ரல் வேகமாகும், திசையே தலைகீழ். இன்டெக்ரல் கெயின் என்று தனியாகக் கேட்டால் 5 ÷ 200 = 0.025. இந்தக் கடைசி வகையில் கெயினை மாற்றினால் இன்டெக்ரல் கூடவே மாறாது, இரண்டையும் தனித்தனியே திருத்த வேண்டும்.

கெயினும் அப்படியே. உங்கள் 5 என்பது டிகிரிக்கு 5%. பல கன்ட்ரோலர்கள் பிழையை டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சின் சதவீதமாக எடுக்கும். 0–200 ரேஞ்சில் 1% என்பது 2 டிகிரி, ஆகவே கெயின் 10 ஆகிறது. புரொபோர்ஷனல் பேண்ட் (ரேஞ்சில் எத்தனை சதவீதப் பிழைக்கு அவுட்புட் 100% மாறும் என்பது) கேட்டால் 100 ÷ 10 = 10%. நாளை யாராவது டிரான்ஸ்மிட்டரை 0–400க்கு மாற்றிவிட்டு இந்த 10ஐத் தொடாமல் விட்டால், லூப்பின் உண்மையான கெயின் பாதியாகிவிடும். டியூனிங் தானாகக் கெட்டுப்போனது என்று புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

முழு எண் கணக்கில் எழுதியிருந்தால் இன்னொரு வலை. அவுட்புட் 0–1000, ஒரு எண்ணிக்கை 0.1% என்று வையுங்கள். ஒரு ஸ்கேனில் இன்டெக்ரல் சேர்ப்பது 5 × பிழை × 0.5 ÷ 200, அதாவது ஒரு டிகிரிக்கு 0.0125%. ஒரு எண்ணிக்கை சேர வேண்டுமானால் பிழை 8 டிகிரி இருக்க வேண்டும். அதற்குக் கீழே எல்லாம் வகுத்தலில் வெட்டுப்பட்டுப் பூஜ்யமாகிவிடும். இன்டெக்ரல் இருந்தும் ஆஃப்செட் போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரியல் வகை மாறியில் (தசம எண் தாங்குவது) வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மீதியை அடுத்த ஸ்கேனுக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்றைக் கவனித்தேன்: ஏணிநிரல் எழுதிய வரியில் கெயின் × பிழை ÷ இன்டெக்ரல் டைம் என்று பெருக்கிய பிறகுதான் கூட்டுகிறார். அது சரி. பிழையை மட்டும் கூட்டி வைத்துவிட்டு வெளியே வந்து பெருக்கினால், ஓடும்போது கெயினைத் தொட்ட மறு நொடி அவுட்புட் குதிக்கும். 60%ஐத் தாங்கிக்கொண்டிருக்கும் கூட்டுத்தொகையில் கெயினை 5லிருந்து 4 ஆக்கினால் 48%க்கு விழும்.

---

சூடேற்றி

5, 200 போட்டேன். விண்டப் தடுப்பும் சேர்த்தாயிற்று. ஓவர்ஷூட் சுத்தமாக இல்லை. ஆனால் 94 வரை விரைவாக வந்து, அங்கிருந்து 99ஐத் தொட ஏழெட்டு நிமிடம் ஊர்கிறது. இது சரிதானா?

இன்னொரு சந்தேகம். இதே பிளாக்கைப் பக்கத்துத் தொட்டியின் மட்டத்துக்கு வைத்தேன். அவுட்புட் வெளியேற்றும் வால்வுக்குப் போகிறது. கெயின் 1, இன்டெக்ரல் டைம் 200. மட்டம் 35 நிமிடத்துக்கு ஒரு அலை. கெயினை 0.5க்குக் குறைத்தேன், அலை இன்னும் மோசமாகி 48 நிமிடமாகிவிட்டது. வால்வைச் சமநிலையைவிட 10% கூடுதலாகத் திறந்தால் மட்டம் நிமிடத்துக்கு 1.2% இறங்குகிறது.

---

ஏணிநிரல்

முதல் கேள்விக்கு: சரிதான். 80 டிகிரி வரைக்கும் விகிதமே 100% கேட்டதால இன்டெக்ரல் 0லயே நின்னுச்சு. அதுக்கு அப்புறம்தான் 60ஐ நோக்கி ஏற ஆரம்பிக்குது, அந்த ஏற்றம்தான் உங்க ஊர்தல். கிளப்பும்போது இன்டெக்ரலை 40ல இருந்து தொடங்க விடுங்க. 88 வரைக்கும் முழு வேகம், 98.7 பக்கம் வரைக்கும் நேரே வரும், மிச்சம்தான் ஊரும். 60ஏ போட்டா என்னன்னு தோணும், ஆனா உள்ளே வர்ற எண்ணெய் சூடா இருக்கிற நாள்ல அது ஓவர்ஷூட் கொடுக்கும்.

செட் பாயின்டை 10 டிகிரி ஒரேயடியா மாத்தினா அவுட்புட் 50% குதிக்கும்ங்கறதையும் மனசுல வையுங்க. ஹீட்டருக்குப் பரவாயில்லை. வேற இடத்துல வேண்டாம்னா செட் பாயின்டை ஏணிப்படி மாதிரி இல்லாம சரிவா ஏத்துங்க.

---

வால்வுமுனை

மட்டத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பிஐயில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது.

சூடேற்றும் தொட்டி தானாகவே ஒரு இடத்தில் போய் நிற்கும்: 55% கொடுத்தால் 94 டிகிரி. மட்டம் அப்படி நிற்காது. வால்வு சமநிலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் தொட்டி காலியாகும் வரை இறங்கிக்கொண்டே போகும். அதாவது தொட்டியே ஒரு இன்டெக்ரல். அதன் மேல் கன்ட்ரோலரின் இன்டெக்ரல். இரண்டும் ஒவ்வொன்றும் 90 டிகிரி பின்தங்கினால் 180 ஆகிவிட்டது, மிச்சம் எதுவும் இல்லை. இந்த இடத்தில் லூப்பைத் தாங்கிப் பிடிப்பது விகிதப் பகுதி ஒன்றுதான். கெயினைக் குறைத்தால் அந்தத் தாங்கலைத்தான் குறைக்கிறீர்கள். அலை பெரிதாகிறது, நீள்கிறது.

தொட்டியின் வேக எண்: நிமிடத்துக்கு 1.2% என்பது விநாடிக்கு 0.02%, அதை 10ஆல் வகுத்தால் 0.002. ஆடாமல் இருக்க வேண்டுமானால்:

வேக எண் × கெயின் × இன்டெக்ரல் டைம் ≥ 4

உங்களுக்கு 0.002 × 1 × 200 = 0.4. பத்தில் ஒரு பங்கு. கெயின் 0.5ல் 0.2. ஆகவே கெயினைக் கூட்ட வேண்டும், அல்லது இன்டெக்ரல் டைமை நீட்ட வேண்டும்.

எது என்பது தொட்டியின் வேலையைப் பொறுத்தது. வரும் ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை உள்ளே வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குச் சீராக அனுப்புவதற்காக வைத்த தொட்டி என்றால், மட்டத்தை இறுக்கிப் பிடிப்பது தொட்டியையே வீணாக்குவது. மட்டம் 15% ஏறி இறங்கலாம், ஓட்டம் வால்வு அளவில் 30% வரை மாறலாம் என்று வையுங்கள். கெயின் 30 ÷ 15 = 2 போதும். 15% விலகலில் வால்வு அந்த 30%ஐ ஈடுகட்டிவிடும். இன்டெக்ரல் டைம் 2000 விநாடி. பெருக்கினால் 8, நல்ல இடைவெளி. மட்டம் செட் பாயின்டுக்குத் திரும்ப நேரமெடுக்கும். எடுக்கட்டும், அதற்காகத்தான் அந்தத் தொட்டி. கன்ட்ரோலரின் திசையையும் பாருங்கள்: வால்வு வெளியேற்றும் பக்கம் இருப்பதால் மட்டம் ஏறினால் அவுட்புட் ஏற வேண்டும், ஹீட்டருக்கு எதிர்.

இப்படி மாற்றியும் ஒரு சிறிய அலை விடாமல் இருந்தால் வால்வைச் சந்தேகப்படுங்கள். பேக்கிங் (தண்டைச் சுற்றிய கசிவுத் தடுப்பு) இறுக்கத்தில் வால்வின் தண்டு ஒட்டிக்கொள்ளும். அவுட்புட் கொஞ்சம் மாறும், வால்வு அசையாது, பிழை நிற்கும், இன்டெக்ரல் தள்ளிக்கொண்டே இருக்கும், திடீரென்று வால்வு தேவைக்கு மேல் குதிக்கும், பிறகு எதிர்த்திசையில் இதே கதை. ஓட்ட லூப்பில் இதன் முகம் நன்றாகத் தெரியும்: அவுட்புட் கோடு ரம்பப் பல் மாதிரி, பிவி கோடு கட்டம் கட்டமாக. டியூனிங்கால் இது போகாது. இன்டெக்ரல் டைமை நீட்டினால் அலை நீளும், அவ்வளவுதான்.

சோதிப்பது எளிது. மேனுவலுக்கு மாற்றுங்கள். அலை நின்றால் காரணம் இந்த லூப்புக்குள் இருக்கிறது. நிற்காவிட்டால் வேறு எங்கிருந்தோ வருகிறது, இந்தக் கன்ட்ரோலரைத் தொட வேண்டாம். நின்றால், அவுட்புட்டை 0.5% படியாக ஒரே திசையில் ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் வெளியேறும் ஓட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். நான்காவது படியில்தான் அசைந்தால் ஒட்டல் ஒன்றரை முதல் 2% வரை. பிறகு திசையைத் திருப்பி அதையே செய்யுங்கள். பேக்கிங் நட்டு, பொசிஷனரின் (வால்வைச் சொன்ன இடத்தில் நிறுத்தும் கருவி) இணைப்புத் தண்டு, காற்றழுத்தம் இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு கெயினுக்கு வாருங்கள்.